ஆட்ரியா, சாதனாவா? பாட்டி ஆல்பத்தில் இருக்கும் ஃபேஷன் கதை

சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய் பக்கம் உங்க தாத்தா பாட்டி வீடு இருந்தா, பழைய ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்க. நெற்றியில் விழும் முடி, கீழே அகலமா விரியும் பேண்ட். இதெல்லாம் எங்கிருந்து வந்தது?

முடி: 'ரோமன் ஹாலிடே' (1953) படத்தில் ஆட்ரி ஹெப்பர்ன் குட்டை முடியோடு நெற்றியில் முன்முடி வைத்திருப்பார். 'லவ் இன் சிம்லா' (1960) இந்திப் படத்தில் நடிகை சாதனாவின் அகன்ற நெற்றியை மறைக்க, இயக்குநர் ஆர்.கே. நய்யார் அதே பாணியைக் கொடுத்தார். அதுதான் 'சாதனா கட்'.

பேண்ட்: பெல்பாட்டம் முதலில் மாலுமிகளின் உடை. 1960-களில் மேற்கத்திய இளைஞர்களிடம் பரவியது. தமிழில், கே. பாலசந்தரின் 'நினைத்தாலே இனிக்கும்' (1979) கமலையும் ரஜினியையும் இசைக்குழுவாகச் சிங்கப்பூருக்கே கூட்டி வந்தது.

வித்தியாசம் என்ன? ஹெப்பர்னுக்கு ஜிவான்ஷி உடை வடிவமைத்தார். 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃப்பனீஸ்' (1961) படத்துக்கான கறுப்பு உடை ஒன்று 2006-இல் லண்டனில் 467,200 பவுனுக்கு ஏலம் போனது.

தோட்டத்தில் பால்மரம் சீவப் போறவங்களுக்கு நீளக்கை சட்டையும் தலைத்துண்டும்தான். திரையில் பார்த்ததைப் போட்டுப் பார்க்க தீபாவளி, கல்யாணம், ஸ்டூடியோ போட்டோ வரணும். அந்த உடைகளை யாரும் ஏலம் விடல. பலதுக்கு மிச்சம் போட்டோ மட்டுமே.

பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அதனால இப்பவே கேளுங்க: யாரு, எந்தத் தோட்டம், எந்த வருஷம்? பென்சிலால் போட்டோவின் பின்னாடி எழுதி வையுங்க.