நெல்லுக்கும் வாத்துக்கும் ஒரே தலைநகரம்!

ஸ்டட்கார்ட்னு சொன்னதும் ஜெர்மனியும் பென்ஸ் காரும்தானே ஞாபகத்துக்கு வருது? அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்துலயும் ஒரு ஸ்டட்கார்ட் இருக்கு. ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஒரு பாதிரியார், சொந்த ஊர் நினைப்பில் வைத்த பெயர். மக்கள்தொகை 10,000-கூட இல்லை. ஆனா, 'உலகின் நெல், வாத்து தலைநகரம்'னு மார்தட்டுது!

எல்லாத்துக்கும் காரணம் மண்தான். மேல்மண்ணுக்குக் கீழே இறுகிய களிமண் இருப்பதால், வயலில் கட்டிய தண்ணீர் சட்டுனு இறங்காது. 1900-களின் தொடக்கத்தில் இந்தப் பக்கம் நெல் வந்தது. குளிருக்கு வடக்கேயிருந்து பறந்து வரும் காட்டு வாத்துகளுக்கு, அறுவடை முடிந்த வயல் தண்ணீரில் சிந்திக்கிடக்கும் நெல்தான் விருந்து. பின்னாலேயே துப்பாக்கியோட வேட்டைக்காரங்களும் வந்துடுவாங்க. (லைசென்ஸ் வேணும், ஒரு நாளைக்கு இத்தனைதான்னு கணக்கும் உண்டு.) ஊதலை வாயில் வைத்து வாத்து மாதிரியே கத்தும் உலகப் போட்டி, 1936-லிருந்து இங்கேதான் நடக்குது. அந்த முதல் போட்டியில் ஜெயிச்சவருக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? ஒரு வேட்டைக் கோட்டு!

சிக்கலும் அதே மண்ணில்தான். நெல்லுக்குப் பாய்வது பெரும்பாலும் நிலத்தடி நீர். களிமண்ணோ மழைநீரைக் கீழே விடாது. உறிஞ்சிய அளவுக்கு ஊறாமல் நீர்மட்டம் இறங்கிக்கிட்டே போகுது. அதனால், விவசாயிகள் நிலத்துலயே குளம் வெட்டி மழைநீரைப் பிடிக்கிறாங்க. ஒயிட் ஆற்றுத் தண்ணீரைக் கால்வாய் வழியா கொண்டுவரும் வேலையும் பல வருஷமா நடக்குது.