யுஸ்தீனார் கழற்றாத மேலங்கி

உயிர்ப்புக் காலத்தின் ஆறாம் வாரம் புதன்கிழமையன்று, புனித பவுலடியார் ஏதென்சு நகரின் அரயோப்பாகு மன்றத்தில் ஆற்றிய உரை நம் ஆலயங்களில் வாசிக்கப்படுகிறது. திருத்தூதர் பணிகள் நூலின் 17ஆம் அதிகாரம் அது. ஆனால் வாசகம் 15ஆம் வசனத்திலிருந்து 22ஆம் வசனத்துக்குத் தாவிவிடுகிறது. இடையே விடுபட்டுப்போகும் வசனங்களில்தான், பவுலடியாரோடு வாதிட்டவர்கள் யாரென்று லூக்கா குறித்திருக்கிறார்: எப்பிக்கூரரும் ஸ்தோயிக்கரும். எனவே திருப்பலிக்கு நாள்தோறும் வருபவர்கள்கூட இவ்விரு பெயர்களையும் கேட்டிருக்கமாட்டார்கள். கேட்டுத்தான் என்ன பயன் என்று வினவுவோரும் உண்டு. நெடுங்காலம் நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நாம் குருமடத்தில் மெய்யியல் பயின்றபோது கிரேக்கச் சிந்தனைக்கென ஒரு பருவம் ஒதுக்கப்பட்டிருந்தது. இயேசு சபைக் குரு பிரெடரிக் கோப்பில்ஸ்டன் எழுதிய மெய்யியல் வரலாற்றின் முதல் தொகுதியே நமக்குத் துணை. 1946இல் வெளிவந்த அந்நூல் கத்தோலிக்கக் குருமடங்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. நல்ல நூல், நேர்மையான நூல். குறை நூலில் இல்லை, நாம் படித்த முறையில் இருந்தது. உலகின் மூலப்பொருள் நீர் என்றார் தாலெஸ். காற்று என்றார் அனாக்சிமெனெஸ். நெருப்பு என்றார் ஹெராக்ளிட்டஸ். யார் என்ன சொன்னார், அதில் எது பிழை, அதைத் திருத்தியவர் யார் என்று மனப்பாடம் செய்தோம். அரிஸ்டாட்டிலிடம் வந்து சேர்ந்ததும் ஒரு நிம்மதி. அவருக்கு அப்பால் புனித தோமா அக்குவினார் நிற்கிறார் அல்லவா? திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1879இல் 'ஏத்தெர்னி பாத்ரிஸ்' என்னும் சுற்றுமடலின் வழியாகத் தோமாவின் மெய்யியலுக்குப் புத்துயிர் அளித்ததிலிருந்து, குருமடப் பாதையெல்லாம் அத்திசை நோக்கியே சென்றது. எப்பிக்கூரருக்கும் ஸ்தோயிக்கருக்கும் கிடைத்தவை பருவ இறுதியில் அவசரமாக நடந்த சில வகுப்புகளே. எப்பிக்கூரர் இன்பத்தை நாடினர், ஸ்தோயிக்கர் உணர்ச்சியை அடக்கினர். தேர்வுக்கு இது போதுமானதாக இருந்தது.

பல ஆண்டுகளுக்குப் பின்னரே பியேர் அடோ என்னும் பிரெஞ்சு அறிஞரின் நூலொன்று நம் கைக்கு வந்தது. 1981இல் பிரெஞ்சில் வெளியான அவருடைய கட்டுரைத் தொகுதியைத் தழுவி, 1995இல் வெளிவந்த ஆங்கிலப் பதிப்பு அது. மெய்யியல் என்பது ஒரு வாழ்க்கை முறை என்பதே அதன் தலைப்பின் பொருள். படித்து முடிப்பதற்குள், பழைய குருமடக் குறிப்பேடுகளைத் தேடி எடுக்க நேர்ந்தது. நாம் எதைப் படிக்காமல் விட்டோம் என்று பார்க்கவேண்டியிருந்தது.

அடோ 1922இல் பாரிசில் பிறந்து, ரைம்ஸ் நகரில் வளர்ந்தவர். 1944இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பெல்ஜிய இயேசு சபை அறிஞர் பவுல் ஆன்றி அவரை மாரியுஸ் விக்டோரினுஸ் என்பவரின் எழுத்துகளை ஆய்வு செய்யும்படி தூண்டினார். இந்த விக்டோரினுஸ் நமக்கு அந்நியர் அல்லர். புனித அகுஸ்தினார் தம் தன்வரலாற்று நூலின் எட்டாம் பகுதியில் இவருடைய மனமாற்றத்தைத்தான் விரித்துரைக்கிறார். உரோமையில் சிலை வைத்துச் சிறப்பிக்கப்பட்ட நாவலர். முதிய வயதில், ஏறத்தாழ 355ஆம் ஆண்டில், ஊரறியத் திருமுழுக்குப் பெற்றவர். அகுஸ்தினார் வாசித்த பிளேட்டோ வழியினரின் நூல்களை இலத்தீனுக்குக் கொணர்ந்தவரும் அவரே. மூவொரு கடவுளைப் பற்றிய விக்டோரினுசின் நூல்களை, 'கிறிஸ்தவ மூலங்கள்' என்னும் புகழ்பெற்ற வரிசைக்காக ஆன்றியும் அடோவும் 1960இல் பதிப்பித்தனர்.

இத்தகைய கடினமான பதிப்புப் பணியில்தான் அடோவுக்கு ஓர் ஐயம் எழுந்தது. பண்டைய மெய்யியல் நூல்கள் ஏன் இவ்வளவு சீரற்றவையாகத் தோன்றுகின்றன? சொன்னதையே திரும்பச் சொல்கின்றன. ஓரிடத்தில் நிறுவியதை மற்றோரிடத்தில் மறுக்கின்றன. ஆசிரியர்களின் கவனக்குறைவு என்று பலர் எளிதாக முடிவு கட்டினர். அடோ வேறு விடை கண்டார். அந்நூல்கள் செய்தி தருவதற்காக எழுதப்பட்டவை அல்ல. மாணவரை உருவாக்குவதற்காக எழுதப்பட்டவை. ஆசிரியர் தம் எதிரே அமர்ந்திருக்கும் குறிப்பிட்ட மாணவனின் நிலைக்கேற்பப் பேசினார். அப்பேச்சின் சுவடே நம் கையில் உள்ள நூல். மருத்துவர் வெவ்வேறு நோயாளிகளுக்கு எழுதிக்கொடுத்த சீட்டுகளை ஒன்றாகக் கட்டி, இது முரண்பட்ட மருத்துவ நூல் என்று குறைகூறுவோமா?

இதற்கு நல்ல சான்று பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸ் எழுதிய குறிப்புகள். உடல் அழுகும், புகழ் அழியும், இறைச்சிக் கறி என்பது செத்த மீனும் செத்த பறவையும்தான் என்ற வகையில் அமைந்த வரிகளைப் படித்தவர்கள், மனம் சோர்ந்த ஒரு மனிதரை அங்கே கண்டனர். வயிற்றுப்புண்ணால் வந்த சோர்வு என்றார் சிலர். அவர் உண்ட மருந்தில் அபினி கலந்திருந்ததே காரணம் என்றும் 20ஆம் நூற்றாண்டில் ஒரு கட்டுரை எழுந்தது. அடோ 1992இல் வெளியிட்ட நூலில் இவற்றை ஒதுக்கித் தள்ளினார். அவை நாட்குறிப்பே அல்ல. ஸ்தோயிக்க ஆசான் எபிக்டெட்டஸ் வகுத்த மூன்று ஒழுங்குகளில், அதாவது தீர்ப்பிடுவதில், விரும்புவதில், செயலாற்றுவதில், அரசர் தம்மைத் தாமே பழக்கிக்கொண்ட பயிற்சிகள் என்று வரிவரியாகக் காட்டினார். கறியைப் பற்றிய வரி, பொருள்களின் மேற்பூச்சைக் களைந்து பார்க்கும் பயிற்சி. ஐந்து வாரத் தவக்காலத் தியான உரைகளின் குறிப்புகளை மட்டும் வைத்து ஒரு பங்குக் குருவின் மனநிலையை எவரேனும் ஆராய்ந்தால், நம்முடைய கதியும் அதுதான்!

எப்பிக்கூரரைப் பற்றி நாம் கற்றதும் இவ்வாறே திருத்தம் பெற்றது. எப்பிக்கூரஸ் முந்நூறு சுருள்கள் எழுதினார் என்பர். எஞ்சியவை மிகச் சில. ஆனால் 79ஆம் ஆண்டு வெசுவியஸ் எரிமலை புதைத்த எர்க்குலானியம் நகரில், 18ஆம் நூற்றாண்டில், கரிக்கட்டைகளாய்க் கிடந்த சுருள்கள் தோண்டி எடுக்கப்பட்டன. அச்சுருள்களில் ஒன்றுதான் அப்பள்ளியினர் நெஞ்சில் நிறுத்திய நால்வகை மருந்தை நமக்குத் தந்தது: தெய்வத்துக்கு அஞ்ச வேண்டா, சாவுக்கு அஞ்ச வேண்டா, நன்மை எளிதில் கிட்டும், துன்பம் தாங்கத் தக்கது என்பது அதன் சாரம். அவர்களுடைய தோட்டத்தில் பெண்களும் அடிமைகளும் இடம்பெற்றனர், உணவு எளியது. பிரித்தால் நொறுங்கும் சுருள்களைப் பிரிக்காமலே கணினியின் துணையால் படிக்கும் முயற்சி, 2023, 2024ஆம் ஆண்டுகளில் பலன் தரத் தொடங்கியிருக்கிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இரவில் விளக்கு அகற்றப்பட்டு, தம் வழக்கம் அறிந்த மனைவியும் பேச்சை நிறுத்திய பின், அன்றைய நாள் முழுவதையும் தம் முன் நிறுத்தி ஆராய்ந்ததாகச் செனெக்கா எழுதுகிறார். இரவுச் செபத்துக்கு முன் நாம் செய்யும் ஆன்ம சோதனை வேறென்ன? புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளுக்கும் பண்டைய பள்ளிகளின் பயிற்சி முறைக்கும் உள்ள உறவை ஜெர்மானிய அறிஞர் பவுல் ராபோ 1954இல் எடுத்துக்காட்டினார். அடோ அதை மேலும் வளர்த்தார். புனித அத்தனாசியார் எழுதிய வரலாற்றில் வனத்து அந்தோணியார் தம் சீடர்களிடம், தங்கள் செயல்களையும் எண்ணங்களையும் பிறருக்கு அறிவிப்பதுபோல் எழுதிவைக்கச் சொல்கிறார். தன்மீது கவனம் என்னும் ஸ்தோயிக்கச் சொல்லே பாலைநிலத் துறவியரின் சொல்லாயிற்று.

புனித பெரிய பசிலியார் இக்கவனத்தைப் பற்றி ஒரு முழு மறையுரை ஆற்றியுள்ளார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது இணைச்சட்ட நூல் 15ஆம் அதிகாரத்தின் 9ஆம் வசனம். கிரேக்க மொழிபெயர்ப்பில் அவ்வசனம் உன்மீது கவனமாயிரு என்ற பொருளில் தொடங்குகிறது. பசிலியார் அச்சொல்லைப் பற்றிக்கொண்டு, ஆன்மாவை நோக்கு, உன் நிலையை நோக்கு என்று அழகாக விரித்துச் செல்கிறார். நாம் அவ்வசனத்தைத் திருவிவிலியத்தில் எடுத்துப் பார்த்தபோது சற்றுத் திகைத்தோம். அங்கே பேச்சு ஆன்மாவைப் பற்றியதன்று, கடனைப் பற்றியது. ஏழாம் ஆண்டு நெருங்குகிறது, கடன் தள்ளுபடியாகிவிடும் என்று எண்ணி ஏழைச் சகோதரனுக்குக் கொடுக்காமல் இருந்துவிடாதபடி கவனமாயிரு என்பதே அங்குள்ள கட்டளை. இந்த இடத்தில் கிரேக்கக் கல்வி விவிலியத்தை விழுங்கிவிட்டதோ என்று ஐயுறுவோர் இருக்கலாம். பஞ்ச காலத்தில் செல்வரின் களஞ்சியங்களைத் திறக்கச் செய்தவரும், செசரியா நகருக்கு வெளியே தொழுநோயாளருக்கும் ஏழையருக்கும் இல்லம் எழுப்பியவரும் இதே பசிலியார்தான் என்பதையும் அவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடோவின் நூலில் நமக்கு வலித்த பகுதி ஒன்று உண்டு. பண்டைய மெய்யியலின் பயிற்சிகளைத் துறவு மடங்கள் எடுத்துக்கொண்டன. இடைக்காலப் பல்கலைக்கழகங்களோ மெய்யியலை இறையியலின் பணிப்பெண்ணாக்கி, வெறும் கருத்துக் கருவியாகச் சுருக்கிவிட்டன என்கிறார் அவர். அவருடைய சொந்த வாழ்வும் இதற்குள் இருக்கிறது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1950இல் வெளியிட்ட 'உமானி ஜெனெரிஸ்' சுற்றுமடல் அவரை ஆழமாகப் பாதித்தது. 1952இல் குருத்துவப் பணியை விட்டு விலகினார். அதே 1950இல் ஆசிரியப் பணியிலிருந்து விலக்கப்பட்ட ஆன்றி தெ லுபாக் அமைதி காத்து, 1983இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். அடோ 1982இல் கொலேஜ் தெ பிரான்ஸ் என்னும் உயர் கல்வி நிறுவனத்தில் பேராசிரியரானார், 2010இல் மறைந்தார். இருவரில் ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்த நமக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தக் குற்றச்சாட்டை நாம் தட்டிக்கழிக்க முடியாது. தேர்வுக்காக ஸ்தோயிக்கரை மனப்பாடம் செய்த கைகளே அதற்குச் சாட்சி.

அடோவின் முடிவுகளை எல்லாரும் ஏற்கவில்லை. அமெரிக்க அறிஞர் ஜான் கூப்பர், கிரேக்கருக்கு வாழ்வை நடத்தியது அறிவார்ந்த வாதமே, தியானப் பயிற்சிகளுக்கு அடோ மிகையான இடம் தருகிறார் என்று 2012இல் எழுதிய நூலில் மறுத்தார். சாக்ரடீசையும் அரிஸ்டாட்டிலையும் பொறுத்தவரை கூப்பர் கூறுவதில் நியாயம் இருப்பதாகவே நமக்குப் படுகிறது. புனித தோமாவிடமும் செபமும் வாதமும் தனித்தனி அறைகளில் வாழவில்லை.

எனினும் நம்மை இன்றும் உறுத்துவது வேறொன்று. புனித யுஸ்தீனார் உண்மையைத் தேடி ஸ்தோயிக்கரிடம் சென்றார்; அரிஸ்டாட்டில் வழியினர் ஒருவரிடம் சென்றார், அவர் முதலில் கட்டணம் பேசினார்; பித்தாகரஸ் வழியினரிடம் சென்றார், அவர் இசையும் வானியலும் கணிதமும் கற்று வரச் சொன்னார்; பிளேட்டோ வழியினரிடம் மகிழ்ந்திருந்தார். கடலருகே சந்தித்த முதியவர் ஒருவர் அவரை இறைவாக்கினரிடம் திருப்பினார். கிறிஸ்தவரான பின்னும் மெய்யியலாரின் மேலங்கியை அவர் கழற்றவில்லை. தாம் கண்டடைந்ததே உண்மை மெய்யியல் என்றார். நம் மறைக்காக அவர் எழுதிய விண்ணப்பத்தில், அரசர் அந்தோனினுஸ் பீயுசுடன், இளைஞராயிருந்த மார்க்கசையும் மெய்யியலார் என்றே விளித்திருந்தார்.

ஏறத்தாழ 165ஆம் ஆண்டில், மார்க்கசின் ஆட்சியில், யுஸ்தீனாரும் தோழர் அறுவரும் உரோமை நகர் ஆளுநர் முன் நிறுத்தப்பட்டனர். எத்தகைய கல்வியைப் பின்பற்றுகிறாய் என்று ஆளுநர் கேட்டதாக விசாரணைக் குறிப்பு கூறுகிறது. எல்லாவற்றையும் கற்க முயன்று இறுதியில் கிறிஸ்தவரின் போதனையைத் தழுவினேன் என்று அவர் விடையளித்தார். தெய்வங்களுக்குப் பலியிட மறுத்ததால் எழுவரும் தலை வெட்டப்பட்டனர். அந்த ஆளுநரின் பெயர் யூனியுஸ் ருஸ்திக்கஸ். ஸ்தோயிக்க மெய்யியலார், பேரரசரின் ஆசான். எபிக்டெட்டசின் உரைக் குறிப்புகளைத் தமக்குத் தந்தவர் என்று மார்க்கஸ் தம் நூலின் முதற்பகுதியில் அவருக்கு நன்றி எழுதியிருக்கிறார். நாள்தோறும் தன்னைத் தான் ஆராய்ந்த ஒரு பள்ளியின் இரு மாணவர்கள் இவர்கள்.

அந்நூலில் கிறிஸ்தவர்கள் ஒரே ஓரிடத்தில், 11ஆம் பகுதியில், குறிப்பிடப்படுகின்றனர்: பிடிவாதத்தால் சாகத் துணிபவர்களாக. அச்சொல்லும் பின்னால் எவரோ செருகியதே என்று கருதும் ஆய்வாளர் உண்டு. யுஸ்தீனாரின் நினைவு நாள் ஜூன் முதல் நாள். அன்று சிவப்புத் திருவுடை அணிந்து திருப்பலி நிறைவேற்றுகிறோம்.