சவர்க்காரத்திலிருந்து தொகுதிப் பல்பகுதியம் வரை

விஞ்ஞான வளர்ச்சியைத் தனிமனித மேதைமையின் விளைவாக மட்டும் கொள்வது நிறைவான நோக்கன்று. செயற்கை இறப்பரின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

1942இல் மலாயாவும் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியத் தீவுகளும் யப்பானியர் வசமாயின. நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரின் பெரும்பகுதியை இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் உழைப்பே வழங்கிற்று. அது போதாமையால், ஐக்கிய அமெரிக்க அரசு கம்பனிகளின் தொழில்நுட்ப அறிவைப் பகிரச் செய்தது. 1945இல் அங்கு 7 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட செயற்கை இறப்பர் உற்பத்தியாயிற்று.

ஸ்டைரீனையும் பியூற்றாடையீனையும் நீரில் நுண்துணிக்கைகளாக இணைப்பதே அம்முறை. துணிக்கைகள் திரளாது காத்தது சவர்க்காரம். அதன் பணியை ஹார்க்கின்ஸ் 1947இல் விளக்கினார். சிமித்தும் எவாட்டும் 1948இல் அதற்குக் கணித வடிவம் தந்தனர்.

சவர்க்காரம் மின்னேற்றத்தாற் காப்பது. உப்பு மிகுந்தால் அக்காப்புக் குலையும். நீரை நாடும் சங்கிலியையும் நீரை வெறுக்கும் சங்கிலியையும் தொடுத்தமைத்த தொகுதிப் பல்பகுதியம் இக்குறையை நீக்கவல்லது. ஆயின் சங்கிலி நீளமே இங்கு தீர்மானிக்குங் காரணி. நீரை நாடும் பகுதி மிகக் குறுகின் துணிக்கைகள் நெருங்கி ஒட்டும். நீரை வெறுக்கும் பகுதி மிக நீளின் மூலக்கூறுகள் தமக்குள்ளேயே திரண்டு சிறைப்பட்டு, துணிக்கையின் மேற்பரப்பை எளிதில் அடையா.

1956இல் மைக்கேல் சுவார்ட்ஸ் ‘உயிருள்ள’ பல்பகுதியமாக்கலை வெளியிட்ட பின்னரே, தொகுதிகளின் நீளத்தைத் திட்டமிட்டு அமைத்தல் பரவலாக இயன்றது. போர்த்தேவை வினாவை எழுப்பியது. விடையைத் தந்ததோ பகிரப்பட்ட அறிவும் பொறுமையான அடிப்படை ஆய்வுமே என்பது எமது துணிபு.