தடயம் யாருடைய பொறுப்பில்? சென்னைப் பரிசோதகர் முதல் சேஷாசலம் வரை

2015 ஏப்ரல் 7 விடியற்காலையில், திருப்பதியை அடுத்த சந்திரகிரி வட்டாரத்துச் சேஷாசலக் காட்டில், ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புச் சிறப்புப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் இருபது தமிழகத் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். திருவண்ணாமலை, வேலூர், தருமபுரி, சேலம் முதலிய மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள் அவர்கள். சவ்வாது மலைப் பழங்குடியினரும் அவர்களுள் இருந்தனர். கற்களாலும் அரிவாள்களாலும் தாக்கப்பட்டதால் தற்காப்புக்காகச் சுட்டதாகப் படையினர் கூறினர். பிடித்துச் சென்று கொன்றதாக உறவினரும் மனித உரிமை அமைப்புகளும் குற்றஞ்சாட்டினர். இந்நிகழ்வு அரசியல் நோக்கிலும் மனித உரிமை நோக்கிலும் நிறையவே பேசப்பட்டுள்ளது. தடய அறிவியல் நிர்வாகத்தின் வரலாற்றில் அதற்குரிய இடம் போதுமான அளவு ஆராயப்படவில்லை.

ஒன்றுக்கொன்று முரணான இரு கூற்றுகளுள் எது உண்மை என்பதைச் சொல்லக்கூடிய சான்றுகள் உடல்களிலும் நிலத்திலும் இருந்தன. காயத்தைச் சுற்றிய கருகலும் வெடிமருந்துத் துகள்களும் எவ்வளவு தொலைவிலிருந்து சுடப்பட்டது என்பதைக் காட்டும். தோட்டா உடலுக்குள் சென்ற கோணம் சுட்டவரும் சுடப்பட்டவரும் நின்ற நிலையை உணர்த்தும். வெற்றுத் தோட்டா உறையிலுள்ள ஊசித்தடம் எந்தத் துப்பாக்கி என்பதைச் சொல்லும். மணிக்கட்டில் கட்டிய தழும்பு உண்டா இல்லையா என்பதும், மண்ணில் ஊறிய இரத்தம் இறந்தவருடையதுதானா என்பதும் ஆய்வுக்குரியவையே. ஆனால் இச்சான்றுகளைத் திரட்டுபவரும், உறையிலிட்டு முத்திரையிடுபவரும், ஆய்வகத்திற்கு அனுப்புபவரும் காவல் துறையினரே. ஆய்வகமும் அத்துறையின் ஓர் அங்கமே. குற்றஞ்சாட்டப்பட்டவர் காவலராக இருக்கும்போது இந்த அமைப்பு என்ன ஆகும் என்பதே சேஷாசலம் எழுப்பிய கேள்வி.

இவ்வட்டாரத்தின் பழைய வரலாறு இங்கு நினைவுகூரத்தக்கது. 1911 வரை சித்தூர், வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. சந்திரகிரியும் வேலூரும் அன்று ஒரே மாவட்டத்திற்குள் அடங்கியிருந்தன. 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது சந்திரகிரி அதன் பகுதியாயிற்று. 2015இல் இறந்தவர்களுள் சிலரும் அவர்கள் இறந்து கிடந்த காடும் ஒரு நூற்றாண்டுக்கு முன் ஒரே ஆட்சியரின் எல்லைக்குள் இருந்திருப்பர்.

அக்காலத்தில் இம்மாவட்டம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. இந்தியாவின் முதல் அரசு வேதியியல் பரிசோதகர் ஆய்வகம் 1849இல் சென்னையில்தான் அமைந்தது. கல்கத்தா, ஆக்ரா, பம்பாய் ஆய்வகங்கள் அதற்குப் பின் வந்தவை. இறந்தவரின் குடற்பொருளில் பாடாணம், ஊமத்தை, அபினி போன்ற நஞ்சு உண்டா என்று காண்பதே அதன் தலையாய பணி. அவ்வாய்வகம் சுகாதாரத் துறையின்கீழ் இயங்கியது என்பது கவனத்திற்குரியது. காவலர் பொருளை அனுப்புவார். முடிவைச் சொல்பவர் வேறொரு துறையின் அலுவலர். குடியேற்ற அரசு நடுநிலையை விரும்பி இவ்வாறு செய்தது என்று கொள்ள வேண்டியதில்லை. வேதியியல் கற்றவர்கள் அன்று மருத்துவத் துறையிலேயே இருந்தனர் என்பதே காரணமாகலாம். ஆயினும் விளைவு ஒரு பிரிவினையாக அமைந்தது.

அந்தப் பிரிவினையின் மீது சட்டம் பெரும் நம்பிக்கையை ஏற்றி வைத்தது. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 510ஆம் பிரிவு, பரிசோதகரை நேரில் அழைக்காமலேயே அவரது அறிக்கையைச் சான்றாக ஏற்க வழிசெய்தது. அச்சலுகை 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் 293ஆம் பிரிவாகத் தொடர்ந்து, மாநிலத் தடய அறிவியல் ஆய்வகங்களின் இயக்குநர்களுக்கும் விரிந்தது. இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 329ஆம் பிரிவு. விரும்பினால் நீதிமன்றம் நிபுணரை அழைக்கலாம். இயக்குநர் தமக்குப் பதிலாக விவரமறிந்த வேறோர் அலுவலரை அனுப்பவும் இடமுண்டு. ஆக, மருத்துவத் துறையின் பரிசோதகருக்கென அமைந்த நம்பிக்கையைப் பின்னாளில் காவல் துறைச் சார்புடைய ஆய்வகங்களும் மரபுரிமையாகப் பெற்றன. நம்பிக்கை இடம்பெயர்ந்தபோது அதற்கீடான மேற்பார்வை உருவாக்கப்படவில்லை.

மாநிலங்களிடையே வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டில் தடய அறிவியல் துறை உள்துறையின்கீழ்த் தனித்துறையாக, அறிவியலாளர் தலைமையில் வளர்ந்தது. ஆந்திரத்தில் ஆய்வகமும் திருப்பதி உள்ளிட்ட வட்டார ஆய்வகங்களும் காவல் துறையின் கட்டமைப்புக்குள் அமைந்தன. இதனால் ஓரிடத்து அறிவியலாளர் நேர்மையானவர், மற்றோரிடத்தவர் அல்லர் என்று பொருளாகாது. ஆனால் பணியிட மாற்றமும் பதவி உயர்வும் நிதியும் எவர் கையில் உள்ளன என்பதை நிறுவன வரலாறு புறக்கணிக்க முடியாது.

உச்ச நீதிமன்றம் இச்சிக்கலை அறியாமல் இல்லை. சேஷாசலத்திற்கு ஏறத்தாழ ஆறரை மாதங்கள் முன்பு, 2014 செப்டம்பர் 23 அன்று, மக்கள் சிவில் உரிமைக் கழக வழக்கில் மோதல் மரணங்களுக்கான நெறிமுறைகளை அது வகுத்தது. புலனாய்வை மாநிலக் குற்றப் புலனாய்வுத் துறையோ வேறொரு காவல் நிலையத்தின் குழுவோ செய்ய வேண்டும். இரு மருத்துவர்கள் உடற்கூறாய்வு செய்து அதைக் காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும். சுட்டவர்கள் தம் துப்பாக்கிகளை ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும் என்றது. சான்று எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை இந்நெறிமுறைகள் நன்கு சொல்கின்றன. அது சென்று சேரும் ஆய்வகம் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்பதை அவை தொடவில்லை.

அந்த இடைவெளியை 2015இல் குடும்பங்களே நிரப்ப முயன்றன. திருப்பதியில் நடந்த முதல் உடற்கூறாய்வில் நம்பிக்கை இல்லாமல், ஆறு உடல்களை எரிக்காமலும் புதைக்காமலும் காத்து, நீதிமன்றங்களை நாடினர். ஐதராபாத் உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி அவ்வாறு உடல்களுக்கும் திருவண்ணாமலையில் மறு உடற்கூறாய்வு நடந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் மத்தியப் புலனாய்வு விசாரணையைக் கோரியது. மாநில அரசோ தன் காவல் துறையினரைக் கொண்டே சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. ஈமக்கடனைத் தள்ளிவைத்துச் சான்றைக் காக்கும் கடமை கூலித்தொழிலாளர் குடும்பங்களின் மேல் விழுந்தது. அரசு மேற்பார்வை இல்லாத இடத்தில் மக்கள் செலுத்திய விலை அது.

பிற நாடுகளும் இதை எதிர்கொண்டுள்ளன. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் 2009இல் வெளியிட்ட அறிக்கை, பொது ஆய்வகங்களைக் காவல் துறை, அரசு வழக்குரைஞர் ஆகியோரின் நிர்வாகத்திலிருந்து விடுவிக்கப் பரிந்துரைத்தது. பிரித்தானியா 2021இல் தடய அறிவியல் ஒழுங்காற்றுநருக்குச் சட்ட அதிகாரம் அளித்தது. இந்தியாவில் தர ஏற்பு முறை உண்டு. ஆனால் அது கருவியும் வழிமுறையும் சரியா என்று பார்க்குமே தவிர, ஆய்வகம் எத்துறைக்குக் கட்டுப்பட்டது என்று பார்ப்பதில்லை.

2024 ஜூலை 1 முதல், ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் நிகழ்விடம் செல்வதைப் புதிய சட்டம் கட்டாயமாக்குகிறது. மாநிலங்கள் இதை ஐந்தாண்டுகளுக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். ஆய்வகங்களின் எண்ணிக்கையும் அவற்றின் சொல்லுக்குள்ள எடையும் கூடப்போகின்றன. விரிவாக்கம் நடக்கும் இவ்வாண்டுகளே அவற்றைக் காவல் துறையிலிருந்து பிரிப்பதற்கும், சட்டமன்றத்திற்குப் பதில் சொல்லும் தன்னாட்சி ஒழுங்காற்று அமைப்பை நிறுவுவதற்கும் உரிய காலம். 1849இன் அமைப்பு தற்செயலாகவே பெற்றிருந்த இடைவெளியை, இன்றைய அரசு சட்டத்தின் வழியாகத் தெரிந்தே உருவாக்க வேண்டியுள்ளது.