விருந்து மண்டபத்தில் இறைவசனம்

லண்டன் மாநகரின் கென்சிங்டன் பகுதியில் உள்ள லெய்டன் மாளிகை இன்று ஓர் அருங்காட்சியகம். பொதுமக்கள் கலைந்த மாலை வேளைகளில் வணிக நிறுவனங்களின் கூட்டங்களுக்கும் வரவேற்பு விருந்துகளுக்கும் அது வாடகைக்கு விடப்படுகிறது. விருந்தினர் பெரிதும் வியப்பது அங்குள்ள அரபு மண்டபத்தையே.

ஓவியர் ஃபிரெடெரிக் லெய்டன் 1877இல் அம்மண்டபத்தைக் கட்டத் தொடங்கினார். 1881இல் பணி நிறைவுற்றது. சிசிலித் தீவின் பலெர்மோ நகரிலுள்ள ஸீஸா அரண்மனை அதற்கு முன்மாதிரி. பொற்குவிமாடம், நடுவே நீரூற்று, சுவரெங்கும் 16, 17ஆம் நூற்றாண்டுகளின் திமிஷ்கு வண்ண ஓடுகள். இவற்றைச் சேர்க்க உதவியவர்களுள் திமிஷ்கில் பிரிட்டிஷ் தூதராயிருந்த ரிச்சர்ட் பர்ட்டனும் ஒருவர். லெய்டனுக்காக ஒரு வீட்டையே இடிக்கச் செய்யவும் தாம் ஆயத்தம், ஓடு பதித்த வீடு கிடைப்பதுதான் அரிதாகிவிட்டது என்று அவர் கடிதம் எழுதினார். இதை வேடிக்கைப் பேச்சென்று ஒதுக்கிவிட நம்மால் இயலவில்லை.

அவ்வோடுகளில் ஒரு வரிசை, அர்-ரஹ்மான் அத்தியாயத்தின் தொடக்க வசனங்களைத் தாங்கி நிற்கிறது. அதன் கீழே மதுக்கிண்ணம் ஏந்தி வணிகம் பேசுவது தகுமா?

விடை எளிதன்று. லெய்டனே இம்மாளிகையில் விருந்தினரை வரவேற்றவர்தான். ஆண்டுதோறும் இசைக்கூட்டம் நடத்தினார். அல்ஹம்ராவை எழுப்பிய முஸ்லிம் மன்னர்களும் அரசவைக் கூடங்களின் சுவர்களை இறைத்துதியால் நிரப்பியவர்களே. மறுபுறம், நம் கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈ மத்ஹபினர் நன்கறிந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள், சுவர்களில் குர்ஆன் வசனங்களைப் பொறிப்பதே மக்ரூஹ் என்றார்கள். அவர்கள் கற்றதும் கற்பித்ததும் அதே திமிஷ்கில்தான்! எழுத்தின் கண்ணியம் பின்னாளில் யார் கையில் சிக்குமோ என்ற கவலை அத்தீர்ப்பில் இழையோடுவதாக நாம் கருதுகிறோம்.

வாடகைப் பணம் பழங்கட்டடங்களைப் பேண உதவுகிறது. அதைக் குறைகூற நமக்கு மனமில்லை. எனினும், தலைக்கு மேலிருப்பது வெறும் பூவேலையன்று, மறைமொழி என்பதை விருந்தளிப்போர் முதலிலேயே அறிவிக்கலாம். மதுவையும் மேசைகளையும் அடுத்த அறைகளோடு நிறுத்தலாம்.

அம்மண்டபத்தின் சில ஓடுகளில் பறவைகள் தீட்டப்பட்டுள்ளன. அவற்றின் கழுத்துக்குக் குறுக்கே மெல்லிய கீறல்கள் தென்படும். உயிருருவம் கூடாதென்று அஞ்சிய பழைய உடைமையாளர் யாரோ ஓட்டை உடைக்க மனமின்றிக் கோடு மட்டும் கிழித்து வைத்தார் என்கின்றனர்.