கங்கும் கிழியும்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பூக்காரம்மாக்கள் மல்லியோடு சேர்த்துக் கட்டும் மருக்கொழுந்துக்குச் சீனத்தில் ஒரு நெருங்கிய உறவுச் செடி இருக்கிறது. இரண்டும் ஆர்டிமீசியா என்ற ஒரே பேரினம். நம் செடி வாசத்துக்காகத் தலையிலும் மாலையிலும் ஏறுகிறது. அவர்கள் செடியின் இலையை உலர்த்தி, சில ஆண்டுகள் பழையதாக்கி, இடித்துச் சலித்துப் பஞ்சாக்கி, அந்தப் பஞ்சில் நெருப்பு வைத்து உடம்பருகே பிடிக்கிறார்கள். மோக்ஸா என்று உலகம் அறிந்திருக்கும் சூட்டு வைத்தியம் இதுதான். சித்த மருத்துவத்துக்கும் இந்த இனத்துச் செடி புதிதல்ல. மாசிபத்திரி என்று நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கிடைக்கும். ஆனால் நம் வீடுகளில் சூடு வேறு வழியாக உடம்புக்கு வந்து சேர்ந்தது. அதுதான் ஒத்தடம்.

நடவு நட்டோ, மல்லாட்டை ஆய்ந்தோ இடுப்பு பிடித்துக்கொண்டு ஒருத்தி வந்து படுத்தால், வீட்டில் வயதான பெண்மணி முதலில் தேடுவது வரப்போரத்து நொச்சியை. வாதநாராயணன் தழை கிடைத்தால் அதுவும் சேரும். இரும்புச் சட்டியில் வேப்பெண்ணெய் விட்டு வதக்கி, பழைய வேட்டித் துணியில் கிழியாக முடிவார். முடிந்ததை நேரே இடுப்பில் வைத்துவிட மாட்டார். தன் புறங்கையில் ஒரு முறை ஒற்றிப் பார்ப்பார். முதலில் தொட்டும் தொடாமலும் சட்சட்டென்று ஒற்றி எடுப்பார். சூடு தணியத் தணிய அழுத்தம் கூடும், கிழி தோலில் தங்கும் நேரமும் நீளும். ஆறினால் மறுபடி சட்டிக்கு. தழை அகப்படாத நாளில் கல்லுப்பை வறுத்து முடிவதும் உண்டு. திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணத்து உப்பளம் இருக்கும்போது உப்புக்கு என்ன பஞ்சம்? குதிகால் வலி என்றால் செங்கல்லைச் சுட்டு, மேலே எருக்கிலை போட்டு மிதிக்கச் சொல்வார்கள்.

சீன முறையில் பஞ்சைக் காகிதத்தில் இறுகச் சுருட்டி, தடித்த சுருட்டுப் போன்ற குச்சியாக்குகிறார்கள். ஒரு முனையைக் கொளுத்தி, தோலிலிருந்து ஓரங்குலம் தள்ளிப் பிடித்து, அந்த இடம் இளஞ்சிவப்பாகும் வரை பத்துப் பதினைந்து நிமிடம் வைத்திருக்கிறார்கள். இன்னொரு வகையில் இஞ்சி வில்லையைத் தோல்மேல் வைத்து, அதன்மேல் பஞ்சைக் கூம்பாகப் பிடித்து எரிக்கிறார்கள். தொப்புளில் உப்பை நிரப்பி அதன்மேல் எரிப்பதும் உண்டு. உப்பு இரண்டு ஊரிலும் வருகிறது, வேலைதான் வேறு. நம் உப்பு சூட்டைச் சுமந்து வந்து இறக்குகிறது. அவர்கள் உப்பு நெருப்புக்கும் தோலுக்கும் நடுவே நின்று சூட்டை மட்டுப்படுத்துகிறது.

குழந்தைக்கோ உணர்ச்சி மங்கியவருக்கோ குச்சி பிடிக்கும்போது, சீன வைத்தியர் தன் இரு விரல்களைச் சூடு படும் இடத்துக்கு இருபுறமும் பதித்துக்கொள்கிறார். நோயாளியால் சொல்ல முடியாத சூட்டை அவர் விரல் சொல்லிவிடும். கிழவியின் புறங்கையும் இந்த இரு விரலும் செய்வது ஒரே காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு மரபும் தனித்தனியே அடைந்த உச்சமான அறிவு இதுதான் என்றுகூடச் சொல்வேன்.

பிரிவது எங்கே? ஒத்தடம் வலிக்கும் இடத்துக்கே போகிறது. நமக்கும் வர்மப் புள்ளிகள் உண்டு, ஆனால் ஒத்தடம் கொடுக்கும் கை அவற்றைத் தேடிப் போவதில்லை. மோக்ஸா பல சமயம் தொலைவிலிருந்து வேலை செய்யப் பார்க்கிறது. வயிற்றுக் கோளாறுக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு புள்ளி. வயிற்றுப் பிள்ளை தலை திரும்பாமல் இருந்தால், தாயின் கால் சுண்டுவிரல் நகத்தின் வெளியோரம். 1973-இல் சீனத்தின் மவாங்துய் கல்லறையிலிருந்து பட்டில் எழுதிய மருத்துவ ஏடுகள் கிடைத்தன. கி.மு. 168-இல் மூடப்பட்ட கல்லறை அது. அவற்றில் பதினொரு நாடிப் பாதைகளும் அவற்றைச் சுட்டுச் சிகிச்சை செய்வதும் இருக்கின்றன. மோக்ஸாவின் கூட்டாளியான அக்குபங்சரின், அதாவது ஊசி குத்துவதன், பேச்சே இல்லை.

சுண்டுவிரல் கதை வெறும் நம்பிக்கையோடு நின்றுவிடவில்லை. ஜியாங்சி மாகாணத்தில் முதல் பிள்ளை சுமந்த, 33 வாரமாகியும் அது தலை திரும்பாத 260 பெண்களை இரண்டாகப் பிரித்துச் சோதித்தார்கள். அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 1998-இல் வந்த முடிவின்படி, 35-ஆம் வாரத்தில் மோக்ஸா வைத்த 130 பேரில் 98 பேருக்குத் தலை கீழே திரும்பியிருந்தது. வைக்காத 130 பேரில் 62 பேருக்கு. அந்தச் சோதனையை நடத்திய ஆய்வாளரே இத்தாலியில் செய்து 2005-இல் வெளியிட்ட ஆய்வு, பெண்கள் தொடர முடியாமல் பாதியில் நின்றது, வேறுபாடும் தெரியவில்லை. சாதகமோ பாதகமோ, எண்ணிப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். ஒத்தடம் கொடுத்த பெண்களின் கணக்கை யார் எழுதினார்கள்? கூலியில்லாத வேலை, வீட்டுக்குள் நடந்த வேலை, அதனால் ஏடேறவில்லை. இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

சித்த மருத்துவம் புறமருந்தை முப்பத்திரண்டாக வகுத்தபோது ஒற்றடம், வேது, புகை ஆகியவற்றோடு, சூடு போடும் சுட்டிகையையும் தனியே வைத்தது. தோலைச் சுட்டு வடு உண்டாக்கும் பழைய மோக்ஸா முறைக்கு இணை தேடினால் சுட்டிகையைத்தான் சொல்ல வேண்டும். இன்று சீனத்தில் தோலைப் புண்ணாக்காத முறைகளே பெருவழக்கு. இங்கே இன்னும் காமாலைக்கும் மாந்தத்துக்கும் சூடு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கையில் போடும் சூடு கல்லீரலுக்கு எந்த உதவியும் செய்யாது. கிருமியால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். பெயர் சூட்டுக்குப் போகும். கைக்குழந்தைக்கோ அந்தப் புண்ணில் சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. மரபு என்ற பெயரில் இதைக் காப்பாற்றக் கூடாது.

சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்குக் குச்சியும் வேண்டாம், சுட்ட செங்கல்லும் வேண்டாம். சுடுகிறது என்று அவர்கள் சொல்வதற்குள் கொப்புளம் வந்துவிடும். மோக்ஸாவுக்குப் புகை என்ற தொல்லையும் உண்டு. அடைத்த அறையில் ஆஸ்துமாக்காரர் இருக்க முடியாது.

சீனம் போய் வந்த மருத்துவர் பி.கே. பாசு 1959-இல் கொல்கத்தாவில் அக்குபங்சரைத் தொடங்கினார். 2019-இல் மத்திய சுகாதார அமைச்சகம் அதைத் தனிச் சிகிச்சை முறையாக ஏற்றது. நம் சிற்றூர்களில் அக்குபங்சர் என்றால் ஊசி, அல்லது விரல் தொடுகை. மோக்ஸாக் குச்சி அபூர்வம். குச்சி வராவிட்டால் போகட்டும், எண்ணிப் பார்க்கும் அந்தப் பழக்கம் வர வேண்டும். விழுப்புரத்துக்குப் பக்கத்தில் முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. அங்கே மூட்டு வலியோடு வருகிறவர்களில் ஒரு பாதிக்கு நொச்சிக் கிழி, மறு பாதிக்கு அதே அளவு சூட்டில் தழையில்லாத மணல் கிழி. இரண்டையும் ஒரு மாதம் கொடுத்து, படியேறும்போது வலி எவ்வளவு என்று கேட்டு எழுதினால் போதும். குணம் தருவது சூடா, நொச்சியா என்ற முதல் கேள்விக்காவது விடை கிடைக்கும்.