பாட்டுக்குப் பின்னே ஒரு பெயர்

மேலைநாட்டு ரொக் இசைக்குழுக்களின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். பல ஆண்டுகள் உழைத்த குழுவொன்றில் புதிய பாடகர் ஒருவர் வந்து சேருகிறார்; அடுத்து வெளிவரும் இசைத்தட்டு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைக்கிறது. அவுஸ்திரேலியாவின் ஏசி டிசி குழு 1980 பெப்ரவரியில் தனது பாடகர் பொன் ஸ்கொட்டை இழந்தது. அவருடைய இடத்திற்குப் பிரையன் ஜோன்சன் வந்தார். அதே ஆண்டு ஜூலையில் வெளியான ‘பேக் இன் பிளாக்’ உலகில் மிக அதிகமாக விற்பனையான இசைத்தட்டுகளில் ஒன்றாயிற்று.

நேயர்களே, நமது தமிழில் இதற்கு ஒப்பாக எதைச் சொல்லலாம்? 1992ஆம் ஆண்டு வெளிவந்த ‘ரோஜா’ திரைப்படத்தின் பாடல்களைத்தான் நான் சொல்வேன்.

அதன் இசையமைப்பாளர் ஏ. ஆர். ரஹ்மானும் ரொக் குழுவிலிருந்து வந்தவரே. 1967இல் பிறந்த அவர், மலையாளத் திரையிசையில் பணியாற்றிய தந்தை ஆர். கே. சேகரை ஒன்பது வயதில் இழந்தார். வீட்டுச் சுமையைத் தாங்கச் சிறுவயதிலேயே வாத்தியக்காரராக உழைக்க நேர்ந்தது. டிரம்ஸ் சிவமணி முதலிய நண்பர்களுடன் ‘ரூட்ஸ்’ குழுவில் கீபோட் வாசித்தார். சென்னையில் ‘நெமிசிஸ் அவென்யூ’ என்னும் ரொக் குழுவை நிறுவினார். பின்னர் விளம்பரப் படங்களுக்கு இசையமைத்துக் கொண்டிருந்தவரை மணிரத்னம் ‘ரோஜா’வுக்கு அழைத்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் 25,000 இந்திய ரூபாய்.

அக்காலத்துத் திரையிசையில் வாத்தியக்காரர் பலரும் ஒரே கூடத்தில் அமர்ந்து, பாடகரோடு சேர்ந்து வாசிப்பதே பெருவழக்காக இருந்தது. ரஹ்மானோ வீட்டோடு அமைத்த சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில், ஒவ்வோர் ஒலியையும் தனித்தனியே பதிந்து, கணினியின் துணையோடு அடுக்கினார். அதனால் தாழ்ந்த சுருதியிலுள்ள ஒலிகளும் தெளிவாகக் கேட்டன. பாடுபவரின் குரல் காதருகே வந்து பேசுவது போலிருந்தது. இத்தகைய ஒலிப்பதிவில் குரலின் சிறு நடுக்கமும் மறையாது. ஆகவே குரலைத் தெரிவு செய்வது பெரும் பொறுப்பாகும்.

‘சின்னச் சின்ன ஆசை’ என்ற பாடலுக்கு அவர் தெரிவு செய்த குரல் மின்மினியுடையது. கேரளத்தைச் சேர்ந்த மினி என்ற அப்பெண்ணுக்கு மின்மினி என்று பெயர் சூட்டியவர் இளையராஜா. அவருடைய இசையில் மின்மினி முன்பே பாடியிருந்தார்; எனினும் பெரும்பாலான இரசிகர்களுக்கு அது புதிய குரலே. வைரமுத்து எழுதியது ஒரு கிராமத்துப் பெண்ணின் சிறு சிறு ஆசைகளின் நிரல். அதை வித்தகம் காட்டிப் பாடியிருந்தால் பொருள் கெட்டிருக்கும். மின்மினி அதை மினுக்கில்லாமல் பாடினார்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். அக்கரப்பத்தனையில் எங்கள் லயத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் கசட் ரேடியோ இருந்தது. மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, அந்த வாசலில் நின்று இந்தப் பாட்டைக் கேட்பார்கள். என் தாயும் அவர்களில் ஒருவர். இசையமைத்தவர் புதியவர் என்று பேசிக்கொண்டார்கள். பாடிய பெண் யாரென்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தப் படத்திற்காக ரஹ்மான் இந்திய தேசிய விருதைப் பெற்றார். நடுவர் குழுவில் ‘தேவர் மகன்’ படத்திற்காக இளையராஜாவுக்கும் சமமான வாக்குகள் கிடைத்தன. தலைவராயிருந்த பாலுமகேந்திரா தமது வாக்கைப் புதியவருக்கே அளித்தார். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த அவர், தம்முடைய படங்களுக்கு இளையராஜாவின் இசையையே பெரிதும் நாடியவர் என்பதை எண்ணினால், அந்த வாக்கின் நேர்மை விளங்கும். வைரமுத்துவுக்கும் அதே பாடலுக்காகத் தேசிய விருது கிடைத்தது. மின்மினி தமிழ்நாடு அரசின் விருதைப் பெற்றார்.

பிறகு நடந்ததுதான் மனதை வருத்துவது. சில ஆண்டுகளுக்குள் மின்மினியின் குரல் பாதிக்கப்பட்டுப் பாட இயலாத நிலை ஏற்பட்டது. நெடுங்காலம் அவர் திரையிசையிலிருந்து ஒதுங்கியிருந்தார். ரஹ்மானின் புகழோ கடல் கடந்தது. 2005இல் அமெரிக்காவின் ‘டைம்’ சஞ்சிகை, தலைசிறந்த பத்துத் திரையிசைத் தொகுப்புகளில் ஒன்றாக ‘ரோஜா’வைச் சேர்த்தது. அந்தப் புகழுக்கு ரஹ்மான் முற்றிலும் உரியவரே. ஆயினும் ‘ரஹ்மானின் பாட்டு’ என்று மட்டுமே அதைச் சொல்லிப் பழகிவிட்டோம் அல்லவா?

இளங்கோவடிகள் அப்படிச் செய்யவில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் பன்னிரண்டு வயது மாதவி மேடையேறுகிறாள். மன்னனிடம் தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும் பெற்றவள் அவளே. ஆனால் அவள் ஆடுவதற்கு முன், ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவருடைய தகுதியையும் அடிகள் நிரல்படக் கூறுகின்றார். கலை கூட்டு உழைப்பு என்பதைத் தமிழ் அன்றே அறிந்திருந்தது.

இலங்கை வானொலியிலும் இந்தப் பண்பு இருந்தது. பாடல் ஒலிக்குமுன் படத்தின் பெயரோடு, பாடியவர், இயற்றியவர், இசையமைத்தவர் பெயர்களையும் அறிவிப்பாளர்கள் சொல்லுவார்கள். மின்மினி என்ற பெயரை நானும் அப்படித்தான் அறிந்துகொண்டேன். இன்று கைத்தொலைபேசியில் பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. பெயர் சொல்ல ஆளில்லை.

தேயிலைப் பொதியில் கம்பனியின் பெயர் இருக்கும். கொழுந்து எடுத்தவளின் பெயர் இராது. மலையகத்தில் பிறந்த நமக்கு இது புதிதன்று. ஆகவே உழைத்தவர் பெயரைக் கேட்டறியும் கடமை மற்றவர்களைவிட நமக்கே அதிகம். என் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு பாட்டுப் பிடித்திருந்தால், பாடியது யார் என்று ஒருமுறை கேளுங்கள்.